பாட்டிலுக்கு காசு, கவருக்கு இல்லை... ஏன்?

நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மீன் வாங்கிய கவர், வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் குப்பைக்குப் போய்விடும். தண்ணீர் பாட்டில் அப்படியில்லை. பழைய பேப்பர் கடையில் அதற்கு விலை உண்டு.

புதுச்சேரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஆகஸ்ட் 1 முதலே தடை. நாடு முழுக்க 2022 ஜூலை 1-ல் ஸ்ட்ரா, ஸ்பூன், தட்டு எல்லாம் தடைப் பட்டியலுக்கு வந்தன. கேரி பேக் 120 மைக்ரானுக்குக் குறையக்கூடாது என்ற விதி அதே ஆண்டு டிசம்பர் 31-ல் அமலானது.

அது ஏன் 120? மெல்லிய கவரை நூற்றுக்கணக்கில் பொறுக்கினால்தான் ஒரு கிலோ தேறும். மீன் தண்ணீரும் மண்ணும் ஒட்டியிருந்தால் கழுவுற செலவே விலையைத் தின்றுவிடும். யார் பொறுக்குவார்கள்?

சிப்ஸ் பாக்கெட் இன்னும் மோசம். பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் பிரிப்பதே பெரும்பாடு. சிமென்ட் ஆலையில் எரிபொருளாக அனுப்புகிறார்கள். எரித்தது திரும்ப பாக்கெட்டாக வராது. அதை மறுசுழற்சி என்று சொல்வது கொஞ்சம் ஓவர்.

சரி, யார் பொறுப்பு? பேக்கேஜிங்கை சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனங்கள்தான் என்கிறது மத்திய அரசின் 2022 பிப்ரவரி விதி. அதன்படி 2025-26 முதல் கெட்டி பிளாஸ்டிக் பேக்கேஜிங்கில் 30 சதவீதம் மறுசுழற்சி பிளாஸ்டிக் இருக்க வேண்டும். யாரும் எடுக்காத அந்த பல அடுக்கு பாக்கெட்டுக்கோ, தொடக்க இலக்கு வெறும் 5 சதவீதம்.