வளமுடைய பாறை

ஒரு நிலத்தைக் காக்க விழைவோர் முதற்கண் செய்யத்தக்கது யாது? மக்களை அகற்றி வேலியிடுதலே என்பர் ஒரு சாரார். மாளிகை எழுப்பி, உலகோர் வந்து கண்டு களிக்க வழி செய்தலே என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டினும் சிறந்தது, அந்நிலத்தில் வழிவழியாக உழைத்து வருவோரின் தொழிலைக் காத்தலே என்பது எமது கருத்து. இதற்குச் சான்றாக நிற்பது, அயர்லாந்து தேயத்தின் மேல்கடற்கரையில், கிளேர் ஜில்லாவின் வடபால் உள்ள பர்ரன் என்னும் நாட்டுப்புறம்.

ஐரிய மொழியில் அப்பெயருக்குப் பாறை நிறைந்த இடம் என்பது பொருள். பெயருக்கேற்ப, குன்றுகள் பலவும் மரமின்றிச் சாம்பல் நிறம் பூண்டு நிற்கின்றன. ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன், வெப்பமான ஆழமற்ற கடலின் அடியில், சிப்பி முதலிய உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியமையால் இச்சுண்ணாம்புப் பாறை உண்டாயிற்று. பின்னர்ப் பனியூழியிற் பனிப்பாளங்கள் ஊர்ந்து அதனைத் தேய்த்தன. மழைநீர் அதனைக் கரைத்து ஆழ்ந்த பிளவுகளாக அறுத்தது. நிலத்தின்மேல் ஆறு ஓடுதல் அங்கே அரிது. மழை பெய்ததும் நீர் பிளவுகளின் வழியே கீழே புகுந்துவிடும். மாரிக்காலத்தில் நிலத்தடி நீர் பொங்கிப் பள்ளங்களில் ஏரியாகத் தோன்றும். கோடையில் அவ்வேரி மறைய, அதன் தரையில் மாடுகள் மேயும்.

மே மாதத்திலோ இப்பாறையே பூங்காவாகிறது. ஆல்ப்ஸ் மலைக்குரிய நீல ஜென்ஷன் மலரும், வடதுருவத்தை அடுத்த குளிர்நாடுகளில் வளரும் வெண்மலரும், மத்தியதரைக் கடல் நாடுகளுக்குரிய ஆர்க்கிட் மலரும் ஓரிடத்தே பூத்து நிற்றலைக் கண்டு நூலோர் வியப்பர்.

1651ஆம் ஆண்டில் கிராம்வெல்லின் படைத்தலைவருள் ஒருவரான எட்மண்டு லட்லோ இங்கு வந்தார். ஒருவனைக் கொல்ல நினைத்தால் அதற்கேற்ற மரமோ நீரோ மண்ணோ இல்லாத நாடு இது என்று கூறினார். ஆயினும், இங்குள்ள மாடுகள் கொழுத்திருக்கின்றன என்பதையும் அவர் மறைத்தாரல்லர். அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கோர்க்கம்ரோ என்னுமிடத்தில் மடம் கட்டிய சிஸ்டர்ஷியத் துறவிகள் இந்நிலத்தின் இயல்பை நன்குணர்ந்திருந்தனர். தம் மடத்திற்கு அவர்கள் இட்ட பெயர், ‘வளமுடைய பாறையின் புனித மரியாள்’ என்பது. போர்வீரர் ஒருநாள் நோக்கிற் கண்டது வறுமை. அங்கேயே வாழ்ந்து உண்டவர் கண்டது வளம்.

இதனை மனிதன் கை படாத இயற்கை என்று கூறுதலும் பொருந்தாது. போல்னப்ரோன் என்னுமிடத்துக் கல்திட்டையை 1986, 1988ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தபொழுது 30க்கு மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. அவருள் முற்பட்டோர் ஏறத்தாழ 5,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உழவர். அக்காலந்தொட்டு மக்கள் மரங்களை வெட்டினர், மண் அரிப்புண்டது, பாறை வெளிப்பட்டது. இன்று நாம் காணும் பர்ரன் இயற்கையும் மனிதனும் சேர்ந்து ஆக்கியதே.

அந்த ஆக்கம் இன்றளவும் நிலைபெறுவது எங்ஙனம்? ஐரோப்பாவின் பிற மலைநாடுகளிற் கோடையில் மாடுகளை மலைமேல் ஏற்றுவர், குளிர்காலத்தில் இறக்குவர். பர்ரன் குடியானவர் செய்வது இதற்கு நேர்மாறு. அக்டோபர் மாத இறுதியில் மாடுகளைக் குன்றின்மேல் ஏற்றி, வேனிலின் தொடக்கத்தில் இறக்குகின்றனர். காரணம் யாதெனின், கோடையின் வெப்பத்தைப் பாறை தேக்கிவைத்து மெல்ல வெளிவிடுகிறது. நீர் தங்காமையால் தரையும் உலர்ந்திருக்கிறது. மாடுகள் முற்றிய புல்லை மேய்ந்துவிடுதலால் சிறுசெடிகளுக்கு ஒளி கிட்டுகிறது. அவை பூக்கும் காலத்திலோ மாடுகள் கீழே சென்றுவிடுகின்றன. மாடு மேயாவிடின் புல் ஓங்கும், ஹேசல் என்னும் குறுமரம் படரும், மலர்கள் மறையும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கொட்டிலில் தீனியிடும் வழக்கம் பெருகவே, பல இடங்களில் இக்கேடே நேர்ந்தது.

இந்நிலத்தைப் பற்றிய பெரும்பூசல் ஒன்றும் அக்காலத்தே நிகழ்ந்தது. மடிப்புமடிப்பாய் அமைந்த முல்லாக்மோர்க் குன்றின் அடியிற் பயணிகளுக்கு ஒரு பெருங்கட்டிடம் எழுப்ப அரசாங்கத்தார் 1991ஆம் ஆண்டில் முற்பட்டனர். இளைஞர் பிழைப்புத் தேடி அயல்நாடு செல்லும் பகுதியில் இஃது ஊதியம் தருமே என்று ஊரார் பலர் வரவேற்றனர். அவரை நாம் குறை கூறுதல் தகாது. பசித்தவன் வேலை கேட்டல் பிழையன்று. வேறு பலர், அக்குன்றின் அமைதியும் அதனடியிலுள்ள நீரும் கெடும் என எதிர்த்து வழக்காடினர். கட்டிடம் எழுப்ப அரசாங்கத்தின் பொதுப்பணி அலுவலகத்திற்குச் சட்டப்படி அதிகாரமில்லை என 1993ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர்ச் சட்டம் திருத்தப்பட்டும், 2000ஆம் ஆண்டில் அனுமதி முடிவாக மறுக்கப்பட்டது.

வழக்கு முடிந்தது, வறுமை முடிந்ததா? அவ்வினாவிற்கு விடை பிறந்தது குடியானவரோடு கூடி ஆராய்ந்தபின்னரே. 2005 முதல் 2010 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியோடு 20 பண்ணைகளில் ஒரு முயற்சி நடந்தது. அதன் பயனாக எழுந்த திட்டத்தில், ஒவ்வொரு புல்நிலத்திற்கும் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இடப்பட்டது. பூவும் புல்லும் செழித்த நிலத்திற்கு மதிப்பெண் மிகுதி. மதிப்பெண் மிகுந்தாற் பொருளும் மிகுதி. இன்னவாறு செய்க என்று உழவனுக்கு ஆணையிடாது, அவன் தன் அறிவினால் விளைத்த பயனுக்கே ஊதியம் அளித்தனர். ஆட்டையும் மாட்டையும் போல மலரும் அவன் விளைபொருளாயிற்று.

வேலி மட்டும் இட்டிருப்பின் பர்ரன் புதர்க்காடாய் மாறியிருக்கும். மாளிகை எழுந்திருப்பின் காண வருவோர் பெருகி, காணத்தக்கது குன்றியிருக்கும். ஆதலின், எந்நாட்டிலாயினும் ஒரு நிலத்தைக் காக்கச் சட்டம் வகுப்போர், முதலில் அங்கே மாடு மேய்ப்பவனை அழைத்து வினவுவாராக. பாறைக்குள் வளம் இருத்தலை நெடுங்காலம் அறிந்திருப்பவன் அவனே.