வைராக்கியம் சோறு போடாது

"எல்லாம் மனசுதான் சார். மனசு வெச்சா உடம்பு தானா வந்துடும்." நெடுந்தூர டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், சுற்றியிருப்பவர்கள் சொல்லிவைத்தாற்போல இதைத்தான் சொல்வார்கள். சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சொல்வது தவறு. சில சமயம் உயிருக்கே ஆபத்து.

3.8 கிலோமீட்டர் நீச்சல், கரையேறி 180 கிலோமீட்டர் சைக்கிள், அதிலிருந்து இறங்கி 42.2 கிலோமீட்டர் ஓட்டம். பொதுவாக 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஒருவர் இதை முடித்தார் என்று கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். மலைத்தவுடன் காரணத்தை மனவலிமையின் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

இந்த நம்பிக்கை பரவியதில் தொலைக்காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு. 1982 பிப்ரவரியில் ஹவாய்த் தீவின் கோனாவில் நடந்த, இதே தூரங்கள் கொண்ட அயர்ன்மேன் போட்டியில், ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கால்கள் மடங்கின. எழுந்தார், விழுந்தார், மறுபடி எழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைத் தாண்டிப் போய் வென்றார். மாஸ் மண்டியிட்டுத் தவழ்ந்து 29 விநாடி பின்னால் கோட்டைத் தொட்டார். அந்தக் காட்சி அமெரிக்க வீடுகளுக்குள் போனது, பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். உடல் தோற்றாலும் மனம் வெல்லும் என்பதற்கு அன்று முதல் அதுவே சாட்சியாகக் காட்டப்படுகிறது.

சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்வோம். அன்று மாஸிடம் மன உறுதிக்கா பஞ்சம்? தவழ்ந்தாவது முடிப்பேன் என்றவரைவிட வைராக்கியம் உள்ளவர் யார்? இருந்தும் கையிலிருந்த முதலிடம் போயிற்று. தீர்ந்துபோனது உடம்பின் எரிபொருள். தசையிலும் ஈரலிலும் நாம் சேமித்து வைக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கலோரிதான். நாள் முழுவதும் ஓடும் போட்டிக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். மீதியை வழியிலேயே சாப்பிட்டாக வேண்டும்: மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து, கூடவே உப்பும் தண்ணீரும். ஓடும்போது இதை ஏற்றுக்கொள்ளக் குடலுக்கும் மாதக்கணக்கில் பழக்கம் வேண்டும். பயிற்சியில் வெறும் வயிற்றோடு மிதித்துவிட்டுப் போட்டியன்று மாவுச்சத்து ஜெல்லாக விழுங்குகிறவர் வழியில் வாந்தி எடுப்பதில் வியப்பில்லை. குடலிடம் போய் வைராக்கியம் பேச முடியாது.

1978இல் ஓவாஹு தீவில் நடந்த முதல் அயர்ன்மேனிலும் இதே கதைதான். கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். முன்னால் போய்க்கொண்டிருந்த ஜான் டன்பார் அமெரிக்கக் கடற்படையின் சீல் பிரிவில் இருந்தவர். மன உறுதியை அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஓட்டத்தின் நடுவே அவருடைய உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்தது, பீரைக் கொடுத்தார்கள். கார்டன் ஹாலர் வென்றார்.

மாஸ் தவழ்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு இந்த விளையாட்டுக்குள் வந்தவர்களில் ஒருவர் மார்க் ஆலன் (பின்னாளில் மாஸையே மணந்துகொண்டார்). ஒவ்வொரு நாளும் உடம்பைப் பிழிந்தெடுப்பதே பயிற்சி என்று நினைத்திருந்தவரை, ஃபில் மாஃபெட்டோன் என்ற பயிற்சியாளர் இதயத் துடிப்பு 155ஐத் தாண்டாமல் ஓடச் சொன்னார். ஆலனுக்கு அது அவமானமாக இருந்தது. அவ்வளவு மெதுவாக ஓட வேண்டியிருந்தது. மாதங்கள் போகப் போக அதே துடிப்பில் வேகம் கூடியது. கோனாவில் பல ஆண்டுகள் தோற்று, 1989இல் முதல்முறை வென்றார். மொத்தம் ஆறு முறை. மெதுவாக ஓடிய அந்த மாதங்களை யாரும் படம்பிடித்து ஒளிபரப்பவில்லை. பார்க்க அதில் என்ன இருக்கிறது?

நம் நாட்டிலும் கதையின் இந்தப் பாதி காணாமல் போகிறது. மிலிந்த் சோமன் 2015இல், 49 வயதில், சூரிச் அயர்ன்மேனை 15 மணி 19 நிமிடத்தில் முடித்தார். "வயது வெறும் எண்" என்று பகிர்ந்து மகிழ்ந்தோம். இளமையில் அவர் தேசிய நீச்சல் சாம்பியன் என்பதும், அதற்கு முன்பே பல ஆண்டுகளாக நெடுந்தூரம் ஓடி வந்தவர் என்பதும் அந்தப் பகிர்வுகளில் அபூர்வம். கிணற்றில் தலையைத் தூக்கிக்கொண்டு நீந்திப் பழகிய நாற்பது வயதுக்காரர் அந்தச் செய்தியை நம்பிக் கடலில் இறங்குகிறார். அமெரிக்க டிரையத்லான்களில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் ஓர் ஆய்வு தொகுத்தது. மொத்தம் 135, அதில் 90 நீச்சலில். நெஞ்சு இறுகும்போது "மனசை விடாதே" என்பது கொடூரமான அறிவுரை. கையைத் தூக்கினால் படகு வரும். அதைப் பிடித்து இளைப்பாறிவிட்டுத் தொடர விதி இடம் கொடுக்கிறது. வைராக்கியத்தை மட்டுமே கேட்டு வளர்ந்தவர் கையைத் தூக்க வெட்கப்படுவார்.

இன்னொரு அநியாயமும் இதில் உண்டு. இந்தப் பயிற்சிக்கு வாரம் பத்து மணி நேரத்துக்கு மேல் போகும். நல்ல சைக்கிள் வேண்டும், நீச்சல் குளம் வேண்டும், அந்த நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும். விடியற்காலை நாலரை மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பெண் தனியே சைக்கிள் மிதிக்க எத்தனை வீடுகள் விடும்? இதெல்லாம் அமையாதவரைப் பார்த்து "மனசில்லை" என்று தீர்ப்பு எழுதுகிறோம். அமைந்தவரோ எல்லைக்கோட்டில் மார்தட்டுகிறார். அவர் மனைவியின் ஞாயிற்றுக்கிழமைகள் கணக்கிலேயே வருவதில்லை.

மன உறுதி வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும், குதிகால் தசைநாண் வலித்தால் அன்றைய ஓட்டத்தை விட வேண்டும், பக்கத்தில் ஓடுகிறவர் முந்தினால் சும்மா இருக்க வேண்டும். இதற்குத் தேவைப்படும் உறுதியை யாரும் சுவரொட்டியில் அச்சடிப்பதில்லை.

பெயர் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் ஒரு நீச்சல் வாத்தியாரைத் தேடுங்கள். இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்து வாரத்தின் மணிநேரங்களைப் பங்கு போடுங்கள். ஊக்கப் பேச்சாளரைப் போட்டி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.