வட்ஸ்அப் நம்பர் ஒரு முகவரி இல்லை

கட்டாரிலோ டுபாயிலோ சவூதியிலோ வேலை செய்யும் உங்கட அண்ணாவின் முகவரி உங்களுக்குத் தெரியுமா? நான் கேட்பது நம்பரை இல்லை, முகவரியை. எந்த நகரம், எந்த வீதி, எத்தனையாம் இலக்கக் கட்டடம், கம்பனியின் முழுப்பெயர் என்ன?

கொஞ்சக் காலமாக இந்தக் கேள்வியை ஊரில் காண்கிற ஆட்களிடமெல்லாம் கேட்டு வருகிறேன். "டோகாவில நிக்கிறான்", "சவூதியில ஒரு வீட்டில வேலை" என்பதற்கு மேல் பதில் வருவது குறைவு. சில அம்மாமார் போனை நீட்டுவார்கள். "இந்தா தம்பி, இதில இருக்கு பாருங்கோ." அதில் இருப்பது ஒரு படமும், கடைசியாக எத்தனை மணிக்கு ஒன்லைன் வந்தான் என்ற விபரமும்தான்.

முந்தி இப்படி இருக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த நீல ஏரோகிராமின் பின்பக்கத்தில் அனுப்புநரின் பெயரும் முகவரியும் இருக்கும். 90களில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசித் தொடர்பே இல்லாத காலத்தில், சனம் வவுனியாவுக்கும் கொழும்புக்கும் வந்து, கொமினிகேஷன் கடை வாங்கில் மணித்தியாலக் கணக்காகக் குந்தியிருந்து வெளிநாட்டுக் கோல் எடுத்தது. அந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள், நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த வீடுகளில் ஒரு டயறி இருந்தது. யார் எங்கே இருக்கிறார், எந்த வீதி, எந்த இலக்கம் என்று அம்மாவோ அக்காவோ எழுதி வைத்திருப்பார்கள். இப்போது முகத்தை ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம், அதனால் ஆள் எங்கே இருக்கிறார் என்பதும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பிரச்சினை இல்லாதவரை இது ஒரு விசயமே இல்லை. ஒரு நாள் கோல் வராது. அடுத்த நாளும் வராது. மெசேஜுக்கு ஒரு சரி மட்டும் விழும், இரண்டாவது விழாது. ஒரு கிழமைக்குப் பிறகு வீட்டுக்காரர் ஏஜென்சிக்கு ஓடுவார்கள், பிறகு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு. அங்கே கேட்கும் முதல் கேள்விகள் என்ன? பாஸ்போட் இலக்கம், அந்த நாட்டு அடையாள அட்டை இலக்கம், வேலை கொடுத்தவரின் பெயர், முகவரி, தொலைபேசி. வட்ஸ்அப் படத்தை வைத்துக்கொண்டு தூதரகத்தால் ஒரு ஆளைத் தேட ஏலாது.

நான் டோகாவில் இரண்டு வருசம் வேலை செய்தேன். போகிற பெடியள் எல்லாரும் "அங்க வைஃபை இருக்குதானே" என்ற நம்பிக்கையோடுதான் இறங்குவார்கள். காம்பில் வைஃபை இருக்கும். வட்ஸ்அப்பில் எழுத்து போகும், குரல்பதிவு போகும், படம் போகும். கோல் போகாது. கட்டாரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் பல வருசமாக வட்ஸ்அப் கோலை மறித்து வைத்திருக்கிறார்கள். அமீரகத்தில் இணையவழிக் கோல் என்பது அனுமதி பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமான சேவை. அதனால்தான் அங்கே போட்டிம் மாதிரி அனுமதி பெற்ற செயலிகள் ஓடுகின்றன, ஸ்கைப் 2018 தொடக்கத்தில் நின்றுபோனது. சவூதி 2017 செப்டெம்பரில் தன் விதிகளுக்கு அமைவான செயலிகளுக்குத் தடையைத் தளர்த்தியது.

இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் என்னவாக இருந்தாலும், என் பார்வையில் இது தனிமையில் இருக்கிறவனிடம் வாங்கும் வரி. பெரிய சம்பளக்காரன் குடும்பத்தையே கூப்பிட்டு வைத்திருக்கிறான். வீட்டோடு கதைக்கக் காசு கொடுக்க வேண்டியவன், ஒரு அறையில் ஆறு பேரோடு படுப்பவன்தான்.

உடனே எல்லாரும் சொல்லும் வழி விபிஎன். எல்லாரும் பாவிக்கிறார்கள் என்பதற்காக அது பாதுகாப்பு என்று நினைக்கக் கூடாது. அமீரகத்தில் ஒரு குற்றத்தைச் செய்யவோ மறைக்கவோ விபிஎன் பாவித்ததாகக் கண்டால், அபராதம் 5 இலட்சம் திர்ஹாமில் இருந்து 20 இலட்சம் திர்ஹாம் வரை போகலாம், சிறையும் உண்டு. அம்மாவோடு கதைத்ததற்கு ஒருத்தனைப் பிடிப்பார்களா என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கிற முதல் ஆளாக நீங்கள் இருக்க வேண்டாம். இன்னொன்று, இலவச விபிஎன் செயலிகளில் பலது உங்கட தகவலை விற்றுத்தான் பிழைக்கின்றன. அதே போனில்தான் வங்கிச் செயலியும் இருக்கும்.

ஆகவே நான் ஊரில் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான். இறங்கின கிழமையே உங்கட பெயரில் ஒரு சிம் எடுங்கோ. நண்பனின் பெயரில் வேண்டாம், ஃபோர்மன் தந்த சிம்மும் வேண்டாம். வளைகுடாவில் சிம் என்பது அடையாள அட்டையோடு, அங்கத்தைய தமிழில் சொன்னால் பத்தாக்காவோடு, கட்டிவைத்த பொருள். இன்னொருத்தர் பெயரில் இருக்கும் சிம்மை அவர் எந்த நேரமும் நிற்பாட்டலாம், அதில் வரும் அறிவித்தல் ஒன்றும் சட்டப்படி உங்களுடையது இல்லை. கட்டாரில் 2020 இல் இருந்து தேசிய முகவரிப் பதிவு கட்டாயம். வீட்டு முகவரி, கைத்தொலைபேசி, வேலையிடம் எல்லாம் அதில் போகிறது. அங்கே பதிந்த விபரத்துக்கு அரசாங்கம் அனுப்பும் அறிவித்தல் உங்களுக்குக் கிடைத்ததாகவே எடுக்கப்படும். பதிந்து விட்டது கம்பனி கிளார்க் என்றால், எந்த நம்பரைப் போட்டார் என்று ஒருக்கால் பாருங்கோ.

வீட்டு வேலைக்குப் போன அக்காமாருக்கு இது இன்னும் அவசியம். அவர்களில் கனபேர் எஜமானி வீட்டு வைஃபையில்தான் கதைக்கிறார்கள். வீட்டில் ஒரு சண்டை வந்தால் முதலில் மாறுவது வைஃபை பாஸ்வேர்ட். அடுத்தது போன் பறிபோகும். சொந்த சிம்மில் கொஞ்சம் ரீலோட் இருந்தால் சாதாரண கோல் ஒன்று எடுக்கலாம், அதுக்கு இன்டர்நெட் தேவையில்லை. நிமிடத்துக்குக் காசு கூடத்தான். ஆனால் அது தினமும் கதைக்கிறதுக்கு இல்லை, ஒரு நாளைக்கு வேண்டியது. கட்டாரிலும் அமீரகத்திலும் பொலிஸ் இலக்கம் 999. எங்கட வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற குறு இலக்கத்தை வெளிநாட்டு சிம்மில் அப்படியே அடித்தால் போகும் என்று நம்பியிருக்க வேண்டாம். 94 இல் தொடங்கும் முழு இலக்கத்தைப் போக முதலே எழுதிக்கொள்ள வேண்டும். போனில் மட்டும் சேமித்தால் போதாது, போனே இல்லாத நேரத்துக்குத்தானே அது. இரண்டு நம்பராவது மனப்பாடமாக இருக்கட்டும். எங்கட வயதுக்காரருக்குச் சொந்த அம்மாவின் நம்பரே பாடமில்லை என்பது வேறு கதை.

இலங்கைச் சிம்மையும் எறிந்துவிட்டுப் போகக் கூடாது. வங்கிக் கணக்குக்கு, ஈமெயிலுக்கு, வட்ஸ்அப்புக்கே கூட வரும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான். நீண்ட காலம் பாவிக்காத முற்கொடுப்பனவு சிம்மை நிறுவனம் நிறுத்திவிடும், பிறகு அந்த நம்பர் வேறொருத்தர் கைக்குப் போகவும் இடமுண்டு. இரண்டு வருசம் அனுப்பிய காசு இருக்கும் கணக்குக்குள் நீங்கள் போக முடியாமல், முன்பின் தெரியாத ஒருத்தரின் போனுக்கு உங்கட ஓடிபி போவதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. ரோமிங்கை இங்கே நிற்கும்போதே போட்டுவிட்டு, இரட்டைச் சிம் போனில் அதை வைத்திருந்து இடைக்கிடை ரீலோட் பண்ணினால் போதும். அதில் கோல் எடுக்கவும் டேட்டா போடவும் வேண்டாம், காசை உருவிவிடும்.

தபால் பற்றிக் கதைத்தால் பெடியளுக்குச் சிரிப்பு வருகிறது. "ஆரடா இப்ப கடிதம் போடுறது?" கடிதம் ஒருத்தரும் போடவில்லைதான். அற்றோணித் தத்துவம்? அண்ணா டோகாவில் நிற்கிறார், காணி கிளிநொச்சியில். தூதரகத்தில் கையெழுத்திட்டு உறுதிப்படுத்திய மூலப்பிரதி கடதாசியாகவே ஊருக்கு வந்து சேரவேண்டும், வட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து உறுதி எழுத ஒரு நொத்தாரிசும் வரமாட்டார். வேலை மாறும்போது சான்றிதழ், கலியாணத்துக்குப் பிறப்புப் பத்திரம் என்று வாழ்க்கையின் பெரிய விசயங்கள் இன்னும் கடதாசியில்தான் நகர்கின்றன.

இங்கேதான் முகவரி இடிக்கும். வளைகுடாவில் தபால் எங்கட ஊர் மாதிரி சைக்கிளில் வீட்டு வாசலுக்கு வந்து பழகியதில்லை. காலங்காலமாக அது தபால் பெட்டி இலக்கத்துக்கு வருவது. தொழிலாளியிடம் சொந்தப் பெட்டி இருக்காது, இருப்பது கம்பனியின் பி.ஓ. பொக்ஸ். உங்கட பதிவுத் தபால் கம்பனி ஒபிசில் ஒரு மேசைக்குப் போய், அந்த மேசைக்காரர் மனம் வைத்தால் காம்புக்கு வரும். எனக்கு வந்த ஒரு கடித உறை 19 நாட்கள் அப்படி ஒரு லாச்சிக்குள் கிடந்தது. ஒருத்தரும் வேண்டுமென்று செய்யவில்லை, "நீங்க கேக்கேல்லையே" என்றார்கள். கேட்பதற்கு வழி இருக்கிறது. பதிவுத் தபாலின் இலக்கம் 13 எழுத்தும் எண்ணும் கொண்டது: முன்னுக்கு இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது எண், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டு எழுத்து. இலங்கையிலிருந்து போனால் எல்கே என்று முடியும். உலக நாடுகளின் தபால் சேவைகள் ஒரே ஒழுங்கில் பாவிக்கும் இலக்கம் என்பதால், இங்கே போட்டதை அங்கேயும் தேடலாம். பற்றுச்சீட்டைப் படமெடுத்து இரண்டு பக்கமும் வைத்திருந்தால், "வரேல்ல" என்று சொல்கிறவரிடம் திகதியைக் காட்டிக் கேட்கலாம்.

கொரியர் வேகம், விலையும் அப்படித்தான். மூலப் பத்திரத்துக்குக் கொடுக்கலாம், உடுப்புக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. கொரியர்காரனுக்குப் பெட்டி இலக்கத்தை விடக் கட்டடமும் எடுக்கக்கூடிய ஒரு உள்ளூர் நம்பரும்தான் முக்கியம். கட்டாரில் கட்டடச் சுவர்களில் நீலத் தகடு ஒன்று இருக்கும். வலயம், வீதி, கட்டடம் என மூன்று இலக்கங்கள் அதில் இருக்கும். அதை ஒரு படமெடுத்து வீட்டுக்கு அனுப்ப அரை நிமிடம் போதும். அம்புலன்ஸ்காரனுக்கும் அந்த மூன்று இலக்கமும் உதவும்.

கொரியரும் வேண்டாம், தபாலும் வேண்டாம், "ஆரும் போகேக்க குடுத்துவிடுவம்" என்ற எங்கட பழைய பழக்கம் ஒன்று இருக்கிறது. மிளகாய்த்தூளும் கருவாடும் அப்படித்தான் உலகம் சுற்றுகின்றன, நானும் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் தபாலில் போகும் பொதியில் அனுப்புநரின் பெயர் இருக்கும். கையில் கொண்டுபோகும் பொதிக்கு விமான நிலையத்தில் அனுப்புநரும் பெறுநரும் நீங்கள்தான். 2019 இல் இந்தியாவிலிருந்து கட்டாருக்குப் போன ஒரு தம்பதியின் பையில், சொந்தக்காரர் ஒருவர் கொடுத்துவிட்ட பொதிக்குள் போதைப்பொருள் இருந்தது. 10 வருசச் சிறைத்தண்டனை விழுந்தது, 2021 இல்தான் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். பொதிக்குள் மருந்து இருந்தால் இன்னும் கவனம். இங்கே டொக்டர் துண்டோடு வாங்கும் சில நோவுக் குளிசைகள் அங்கே தடைசெய்யப்பட்டவை. பக்கத்து வீட்டு மாமி ஒட்டிக் கட்டித் தந்தாலும் அவவுக்கு முன்னாலேயே பிரித்துப் பாருங்கோ. கோவிச்சால் கோவிக்கட்டும்.