ஓரிடத்தில் இருப்பதும் தொண்டுதான்

கிறிஸ்தவத் துறவு மடங்களைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் அமைதியைப் பற்றியே பேசுகிறார்கள். கைபேசி இல்லாத இரண்டு நாள், தியானம், தோட்டத்துச் சாப்பாடு என்று மடங்களின் விருந்தினர் அறைகளைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் மடங்கள் இக்காலத்துக்குத் தரக்கூடியவற்றில் முதன்மையானது அமைதி அல்ல. ஓர் இடத்துக்கும் அங்குள்ள மனிதர்களுக்கும் ஆயுள் முழுக்கத் தன்னைக் கொடுத்துவிடும் வார்த்தைப்பாடு என்றே நான் கருதுகிறேன். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் மோன்டே கசீனோவில் வாழ்ந்த புனித ஆசீர்வாதப்பர் எழுதிய ஒழுங்குநூல், கீழ்ப்படிதலோடு சேர்த்து நிலைத்திருத்தலையும் துறவியிடம் கேட்கிறது. மடத்துக்கு மடம் மூன்று நான்கு நாள் விருந்துண்டு நகர்ந்துகொண்டே இருக்கும் துறவிகளை அதன் முதல் அத்தியாயமே கடுமையாகக் கண்டிக்கிறது.

இந்த வார்த்தைப்பாட்டின் முழு எடையை அறிய அல்ஜீரியாவின் திபிரீனுக்குப் போக வேண்டும். அட்லஸ் மலைச்சரிவில், மெதெயா நகருக்கு அருகே ஆசீர்வாதப்பரின் நூலைப் பின்பற்றும் டிராப்பிஸ்ட் சபைத் துறவிகள் 1938இல் அமைத்த மடம் அது. சுற்றிலும் இஸ்லாமியக் கிராமத்தார். யாரையும் மதம் மாற்றத் துறவிகள் முயலவில்லை. தோட்டத்தில் கிராமத்தாரோடு சேர்ந்து பயிரிட்டார்கள். தொழுகைக்கு இடமில்லாதபோது மடத்தின் கட்டடம் ஒன்றையே கொடுத்தார்கள். 1946இல் அங்கு வந்த சகோதரர் லூக் ஒரு மருத்துவர். விடுதலைப் போரின்போது, 1959இல், போராளிகள் அவரைக் கடத்திச் சென்று பின்னர் விடுவித்தார்கள். அதற்குப் பிறகும் அவர் அந்த ஊரை விட்டுவிடவில்லை. வந்தவர் யார், எந்தப் பக்கம் என்று கேட்காமல் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார். அரை நூற்றாண்டு ஒரே ஊரில் இருக்கும் மருத்துவர், தாய்க்கும் மகளுக்கும் பேத்திக்கும் மருந்து கொடுத்தவர். அந்த நம்பிக்கையை எந்தச் சிறப்பு முகாமும் ஒரு வாரத்தில் உண்டாக்கிவிட முடியாது.

1993இல், அல்ஜீரியாவின் உள்நாட்டுப் போரின்போது, ஆயுதக் குழுக்கள் வெளிநாட்டவர் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று கெடு விதித்தன. டிசம்பரில் மடத்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் குரோஷியத் தொழிலாளர் 12 பேர் கொல்லப்பட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் ஆயுதம் ஏந்தியவர்கள் மடத்துக்கே வந்து மருத்துவரையும் மருந்தையும் பணத்தையும் கேட்டார்கள். மடத்தலைவர் கிறிஸ்தியான் தெ ஷெர்ஜே மறுத்துத் திருப்பி அனுப்பினார். அதன்பின் நடந்ததுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. இருப்பதா, போவதா என்பதில் தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே எண்ணம் இல்லை. தலைவர் கட்டளையிட்டு முடித்துவிடவுமில்லை. முக்கியமான விஷயங்களில் இளையவர் உட்பட எல்லோரையும் கூட்டிக் கேட்க வேண்டும் என்கிறது ஆசீர்வாதப்பரின் நூல். அப்படியே கூடிக் கூடிப் பேசி, இருப்பது என்ற முடிவுக்கு வந்தார்கள். அக்கம்பக்கத்தாருக்குப் போக இடமில்லாதபோது தாங்கள் மட்டும் விமானம் ஏறுவது எப்படி என்ற கேள்வி அதில் பெரிதாக நின்றது. 1996 மார்ச் மாத இரவொன்றில் ஏழு பேர் கடத்தப்பட்டார்கள். மே மாதம் அவர்கள் கொல்லப்பட்ட செய்தி வந்தது. 82 வயது லூக்கும் அவர்களில் ஒருவர். கொன்றது யார் என்பதில் சர்ச்சை இன்னும் தீரவில்லை. 2018இல் ஒரான் நகரில் திருச்சபை அவர்களுக்கு அருளாளர் பட்டம் அளித்தது.

எல்லோரும் இப்படி உயிரைக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த மரணத்துக்கு முன்னிருந்த ஐம்பது ஆண்டுகளைப் பாருங்கள் என்கிறேன். இன்று தொண்டு என்பது திட்டக் காலத்துக்குள் அடங்கிவிட்டது. நிதி வரும், மூன்றாண்டு வேலை நடக்கும், அறிக்கை போகும், அலுவலகம் பூட்டப்படும். அந்த ஊர் மக்களின் பெயர் தெரியும் நேரத்தில் ஊழியர் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுகிறார். ஏழைகளின் வாழ்க்கையில் இல்லாதிருப்பது பொருள் மட்டுமல்ல, நாளையும் இங்கே இருப்பார் என்று நம்பத்தக்க ஆளும்தான். துறவு மடம் அந்தக் குறையை நேரடியாகத் தொடுகிறது.

உலகத்தை விட்டு ஓடுவதுதானே துறவு என்று கேட்பவர்களுக்குத் திபிரீனே பதில். அங்கிருந்து ஓடாமல் இருந்தவர்கள் துறவிகள். அதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. நீண்டகாலம் ஒரே இடத்தில் ஒரே கூட்டமாக இருப்பது கொடுமையை மறைக்கவும் வசதியானது. இங்கிலாந்தில் ஆம்பிள்ஃபோர்த், டவுன்சைடு மடங்களோடு இணைந்த பள்ளிகளில் பல்லாண்டு நடந்த சிறார் பாலியல் கொடுமைகளை, அந்நாட்டின் பொது விசாரணை 2018இல் வெளிக்கொணர்ந்தது. இதற்குச் சமாதானம் சொல்லக் கூடாது. வார்த்தைப்பாடு ஒருவரையும் நல்லவராக்கிவிடாது. மடத்தின் நற்பெயரைக் காப்பதே நிலைத்திருத்தல் என்று ஆனால் அது பெருங்கேடு. மடங்களும் அவற்றின் பள்ளிகளும் வெளியார் மேற்பார்வைக்கும் நாட்டுச் சட்டத்துக்கும் முழுமையாக உட்பட வேண்டும். அண்டை வீட்டார் உள்ளே வந்து போகும் மடத்துக்கு அந்தக் கண்காணிப்பில் அஞ்ச ஒன்றுமில்லை.

ஆள் இல்லையே, ஐரோப்பாவில் மடங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றனவே என்பது இன்னொரு வாதம். உண்மைதான். ஆனால் மடத்தின் பயனை எண்ணிக்கையால் அளக்கத் தொடங்கினால் தப்பான முடிவுக்கே வருவோம். குளித்தலை அருகே காவிரிக் கரையில் சாந்திவனம் என்ற கிறிஸ்தவ ஆசிரமத்தை 1950இல் தொடங்கியவர்கள் இரண்டே பேர். திபிரீனையும் 1963இல், துறவிகள் குறைந்துபோனார்கள் என்று சபை மூடிவிட நினைத்தது. அல்ஜியர்ஸ் பேராயர் துவால் அதை எதிர்த்தார். பிரான்சின் மடங்களிலிருந்து சிலர் அனுப்பப்பட்டார்கள். கணக்குப் பார்த்து அன்றே பூட்டியிருந்தால், அந்த மலைக் கிராமத்துக்கு அடுத்த முப்பது ஆண்டும் மருத்துவர் இருந்திருக்கமாட்டார்.