பழைய கணக்கும் புதிய அச்சுப்பொறியும்

மடத்துவெளியிலிருந்து மாணவர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய தந்தையாரின் கடைக் கொடுக்கல் வாங்கல் யாவும் ‘டொஸ்’ காலத்துக் கணக்கு நிரல் ஒன்றிலேயே உள்ளன. பழைய அச்சுப்பொறி பழுதாகிவிட்டது. வலையமைப்பில் இணைத்த புதிய பொறியோ கடிதங்களை நன்றாக அச்சிடுகிறது. கணக்கை மட்டும் அச்சிட மறுக்கிறது. நிரலைக் கைவிடத்தான் வேண்டுமா என்பது அவர் வினா.

வேண்டியதில்லை. காரணத்தை முதலில் அறிவோம். 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். தனியாள் கணினி வெளிவந்த காலத்தில், அச்சுப்பொறி தடித்த வடமொன்றினால் கணினியின் பின்புறத்துத் துறையிலே பூட்டப்பட்டது. அத்துறைக்கு எல்.பி.ரி.1 என்று பெயர். டொஸ் நிரல் பெரும்பாலும் இத்தகைய துறையையன்றி வேறு வழி அறியாது. வேலணையிலிருந்து பாலங்கடந்து மடத்துவெளியூடாகச் செல்லும் பேருந்து, குறிகட்டுவான் துறையோடு நின்றுவிடுகிறதல்லவா? நயினாதீவுக்குப் போவோர் அங்கே படகேற வேண்டும். நிரலும் அவ்வாறே கணக்கைத் துறைவரை கொண்டுவந்து இறக்கிவிடும். படகை நாமே அமர்த்தவேண்டும்.

விண்டோஸில் அப்படகு ‘நெட் யூஸ்’ என்னும் கட்டளையாகும். முதலில் அச்சுப்பொறியைப் பங்கிட்டு, இடைவெளியில்லாத சிறு பெயரொன்றை அதற்கு இடுக. பின்பு கட்டளைத் திரையில் ‘நெட் யூஸ்’ என்பதையடுத்து எல்.பி.ரி.1 எனவும், பின்னர் இரு பின்சாய்கோடுகளுடன் கணினியின் பெயரையும், மேலும் ஒரு பின்சாய்கோட்டுடன் பொறியின் பெயரையும் எழுதுக. பொறி அதே கணினியில் யூ.எஸ்.பி. வடத்தால் இணைந்திருப்பினும் இதுவே வழி.

அடுத்து, சிறிய எழுத்துக் கோப்பொன்றை ‘கொப்பி’ கட்டளையால் எல்.பி.ரி.1க்கு அனுப்பிப் பார்க்க. அச்சாகுமாயின் வழி செம்மையே. குற்றத்தை நிரலின் அமைப்பில் தேடுக. பொறி எழுத்தை வாங்கியும் தாளை வெளிவிடாதாயின், தாளைத் தள்ளும் 12ஆம் எழுத்துக்குறி வந்துசேராமை காரணமாகலாம். ஒன்றுமே வராவிடின், அல்லது பொருளற்ற குறிகள் வரின், பொறிக்கே எழுத்தறிவில்லை என ஐயுறுக. மலிவான பொறிகள் பல, கணினி வரைந்து கொடுக்கும் படத்தையே அச்சிடும், வெற்றெழுத்தை அறியா. புள்ளியச்சுப் பொறிகளோ எழுத்தை நேரே உணர்வன.

இன்னுமொரு தடையுண்டு. 64 பிட்டு விண்டோஸ் டொஸ் நிரல்களை இயக்காது. விண்டோஸ் 11 அவ்வகையிலேயே வருகிறது. 32 பிட்டிலும் கிடைத்த விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றது. ஆதலின் புதிய கணினி வாங்குவோர் ‘வீ-டொஸ்’, ‘டொஸ்பொக்ஸ்-எக்ஸ்’ போன்ற மென்பொருள்களை நாடலாம். எல்.பி.ரி.1க்கு வருவதைத் தாமே வாங்கி, விண்டோஸ் அறிந்த பொறிக்கு இவை அனுப்பவல்லன. எழுத்தறியாப் பொறிக்கும் இவ்வழி உதவும்.

இவற்றில் எதனைத் தொடங்குமுன்னும், நிரலும் கணக்கும் உள்ள கோப்புறை முழுவதையும் வேறொரு வட்டிலே படியெடுத்து வைக்க. அச்சு நான்கு நாள் தாமதிக்கலாம். கடன்பட்டவர் பெயரும் தொகையும் ஒருமுறை அழிந்தால், அவற்றைத் தந்தையாரின் நினைவிலிருந்துதான் மீட்கவேண்டிவரும்.