விழிப்புலனற்றோர்க்கு உரிமையில்லையா?

தொலைக்காட்சி நாடகத்தில் வசனம் நின்று இசை மட்டும் ஒலிக்கிறது. வீட்டார் திகைக்கின்றனர். “என்ன நடந்தது?” என்று விழிப்புலனற்ற தந்தையார் கேட்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கேட்க எவருக்குத்தான் மனம் வரும்?

வசனங்களுக்கிடையே காட்சியை இரண்டொரு வார்த்தைகளிற் சொல்லும் ஒலி விவரணம் இக்குறையைத் தீர்க்கும். அவுஸ்திரேலிய விழிப்புலனற்றோர் இதற்காக ஆண்டுக்கணக்கிற் போராடினர். 2012இல் அவர்களுக்குக் கிடைத்தது 13 வாரப் பரீட்சார்த்தம் மட்டுமே. 2020 ஜூனிலேதான் அரச நிதியில் இயங்கும் இரு ஒளிபரப்பு நிறுவனங்களும் இச்சேவையைத் தொடங்கின.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை அரசு 2016இல் ஏற்று உறுதிசெய்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அவர்கள் அணுகத்தக்க வடிவிற் பெற வழிசெய்ய வேண்டுமென்பது அதன் 30ஆம் உறுப்புரை. ஒப்பமிட்ட அரசிடம் நாம் சலுகை கேட்கவில்லை, கடனைக் கேட்கிறோம்.

அரச தொலைக்காட்சியில் வாரத்துக்கு ஒரு தமிழ் நாடகமும் ஒரு சிங்கள நாடகமுமாவது விவரணத்துடன் வரட்டும். ஊர்ச் சங்கங்களும் சட்டத்தரணிகளும் இக்கோரிக்கையை அமைச்சுக்கு எழுத்தில் அனுப்புமாறு வேண்டுகிறோம்.

இன்னொன்று. வெள்ள எச்சரிக்கை திரையின் அடியில் எழுத்தாய் ஓடுகையில் அதனைத் தமிழிலும் உரக்க வாசிப்பதற்குப் புதிய கருவியோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. நாளையே தொடங்கலாம். தொடங்குவார்களா?