"காசு கொடுத்தது நீங்கள்தான்!"



2021 ஜூலை 20ஆம் திகதி அமேசன் கம்பெனி முதலாளி ஜெப் பெசோஸ், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலிருந்து தனது சொந்த ரொக்கெட்டில் ஏறி 100 கிலோமீற்றருக்குச் சற்று மேலே போனார். பத்து நிமிடத்தில் இறங்கினார். இறங்கியதும் அமேசன் தொழிலாளர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நன்றி சொன்னார். இதற்கெல்லாம் காசு கொடுத்தது நீங்கள்தான் என்றார்.

முதலாளி வாயிலிருந்து உண்மை இவ்வளவு பச்சையாக வருவது அபூர்வம்.

"அவன் காசு, அவன் செலவழிக்கிறான், நமக்கென்ன?" என்று கிளைக் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டொலருக்கு அமேசன் பங்குகளை விற்றுத்தான் ரொக்கெட் கம்பெனியை நடத்துவதாக 2017இலேயே பெசோஸ் சொல்லியிருக்கிறார். அந்தப் பங்குக்கு யார் உழைப்பால் விலை ஏறியது? அமேசனின் பொதிகளை விநியோகிக்கும் சாரதிகள் மலசலகூடம் போக நேரமில்லாமல் போத்தலில் சிறுநீர் கழிப்பதாகப் பேச்சு வந்தபோது கம்பெனி முதலில் மறுத்தது. பிறகு, 2021 ஏப்ரலில், ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. மலையில் நாள் முழுக்கக் கொழுந்தெடுக்கும் நமது பெண்களுக்கு இதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

விண்வெளிக்குப் போவதை நாம் எதிர்க்கவில்லை. வகுப்பில் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்களே நாங்கள்தான். மழை, புயல் எச்சரிக்கைக்குச் செய்மதியும் வேண்டும். 1961இல் முதலில் போன யூரி ககாரின் வார்ப்புத் தொழில் பழகியவர். அதே ஆண்டு டிசம்பரில் இலங்கைக்கும் வந்து போனார். 1963இல் போன முதல் பெண் வலன்டினா தெரெஷ்கோவா துணி ஆலைத் தொழிலாளி. ஏறக்குறைய மூன்று நாள், 48 தடவை பூமியைச் சுற்றினார். அவர்களை அனுப்பிய அரசுக்கு வல்லரசுப் போட்டி இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆசனத்தை அது ஏலம் விடவில்லை. பெசோஸின் ரொக்கெட்டில் ஓர் ஆசனம் 2 கோடி 80 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. அந்தப் பணம் அவரது ரொக்கெட் கம்பெனியின் அறக்கட்டளைக்கே போனது. தர்மம்தான், ஆனால் யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்தவர்களும் அவர்களே.

காசு கொடுத்தது தொழிலாளி என்றால் அவனிடம் கணக்குக் காட்ட வேண்டாமா? அலபாமாவின் பெசமர் களஞ்சியத்தில் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க முயன்றார்கள். 2021 ஏப்ரலில் எண்ணிய வாக்கில் தோற்றார்கள். கம்பெனி முறைகேடாகத் தலையிட்டது என்று தொழிலுறவுச் சபை மறுவாக்கெடுப்புக்கு உத்தரவிட்டது. 2022 ஏப்ரல் 1ஆம் திகதி நியூயோர்க்கின் ஸ்டேட்டன் ஐலண்ட் களஞ்சியத்தில் சங்கம் வென்றது. நன்றி சொன்ன முதலாளியின் கம்பெனி பேச்சுவார்த்தை மேசைக்கு வந்ததா? ஆட்சேப மனுவோடு சட்டத்தரணிகளை அனுப்பியது.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுவோம். "அவன் காசு" என்ற தம்பியும் கட்டாயம் வரவேண்டும்.